மூளை இல்லையாம், அதனால் வாங்கலாமாம்!

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள். கோபத்தில் எழுதுகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் ஆறப்போட்டுப் பார்த்தேன், ஆறவில்லை.

தை மாதம் என் தம்பி மகன் கள்ளக்குறிச்சியில் புது வீடு கட்டிக் குடிபோனான். பெயர் போடவில்லை, யாரென்று குடும்பத்துக்குத் தெரியும். கூடத்தில் நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. சாதாரண மீன் தொட்டி இல்லை, கடல்நீர்த் தொட்டி. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் இரண்டு. அவை புகுந்து விளையாட நடுவில் ஒரு கடல் சாமந்தி. ஓரமாக, தோலில் செய்த காளான் மாதிரி ஒரு மென்பவளம். கிரகப்பிரவேசத்துக்கு வந்த கூட்டம் பூஜை அறையை விட்டுவிட்டு அங்கேதான் நின்றது. நானும் நின்றேன். அழகுதான், பொய் சொல்ல மாட்டேன்.

சித்திரையில் ஒரு நாள் ராத்திரி நாலு மணி நேரம் கரண்ட் இல்லை. காலையில் கடல் சாமந்தி குழைந்து கிடந்தது. அது செத்தால் லேசில் விடாது, அழுகித் தொட்டித் தண்ணீரையே கெடுத்துவிடும். மீன்களும் போயின. அடுத்து ஒன்று வாங்கினான், அது ஒரு மாதம். போன வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டான்: "மூணாவது அனிமோன் வந்தாச்சு!" கீழே இருபது பேர் இதயம் போட்டிருக்கிறீர்கள். அதில் என் மாணவர்களும் இருக்கிறீர்கள். யார் யார் என்று பார்த்துவிட்டேன்.

"ஏம்ப்பா, ரெண்டு செத்ததுக்கப்புறம் மூணாவது எதுக்கு?" என்று கேட்டேன். அவன் பதில் இது: "அத்தை, அதுக்கு மூளையே கிடையாது. பூ மாதிரி ஒரு ஜீவன், அவ்வளவுதான். சட்டத்துலயும் தடை இல்லை, கடைக்காரர் பில்லு போட்டுத்தான் குடுத்தார். மலை மாவட்டத்துல உக்காந்துக்கிட்டு கடலுக்கு நீங்க ஏன் கவலைப்படுறீங்க?"

ஒவ்வொன்றாக வருகிறேன்.

முதலில் மூளை. ஆமாம், கடல் சாமந்திக்கு மூளை கிடையாது. உடம்பு முழுக்க வலை மாதிரி நரம்பு ஓடுகிறது. ஒரே ஒரு துவாரம்தான், சாப்பிடுவதும் அதில்தான், கழிவை வெளியே தள்ளுவதும் அதில்தான். அதனால்தான் குழியுடலி என்று பெயர். இதை உனக்கு எட்டாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தவர் வேறு ஆசிரியர், நான் இல்லை. ஆனால் மூளை இல்லாததால் ஒன்றும் தெரியாது என்று அவரும் சொல்லியிருக்க மாட்டார். 2023-இல் சுவிட்சர்லாந்தில் ஃப்ரிபோர்க் பல்கலைக்கழகத்தார் நெமட்டோஸ்டெல்லா என்ற சின்னக் கடல் சாமந்தியை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். வெளிச்சமும் லேசான மின்னதிர்ச்சியும் ஒன்றாகவே திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். பிறகு வெளிச்சத்தை மட்டும் காட்டினார்கள். அது உடம்பைச் சுருக்கிக்கொண்டது. அதாவது, வெளிச்சம் வந்தால் வலி வரும் என்று கற்றுக்கொண்டது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நான். கற்றுக்கொள்கிற எதையும் "வெறும் பூ" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பூ மாதிரி இருப்பதும் நம் கண்ணுக்குத்தான். அந்த இதழ்கள் இதழ்கள் இல்லை, கைகள். ஒவ்வொரு கையிலும் ஆயிரக்கணக்கில் கொட்டும் செல்கள். உள்ளே சுருட்டி வைத்த நூல், தொட்டதும் விஷத்தோடு பாய்கிறது. இதே கூட்டத்தைச் சேர்ந்த ஹைட்ராவில் அந்த நூல் பாயும் வேகத்தை அளந்திருக்கிறார்கள். ஒரு நொடியைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு நேரம்கூட ஆவதில்லை. நம் கல்வராயன் மலையில் தொட்டாற்சுருங்கியைத் தொட்டு விளையாடாத பிள்ளை உண்டா? இலை மூடியதும் கைதட்டுவீர்கள். இது அதுபோல இல்லை. இது மூடுவது இரையைப் பிடித்துக்கொண்டு.

இந்த விஷத்தை வைத்துத்தான் மருத்துவம் ஒரு பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்தது. பிரான்சில் போர்ட்டியர், ரிஷே என்று இரண்டு பேர் 1902-இல் கடல் சாமந்தியின் விஷத்தை நாய்க்கு ஊசி போட்டுப் பார்த்தார்கள். முதல் ஊசியில் பிழைத்த நாய், சில வாரம் கழித்து மிகக் கொஞ்சமாகப் போட்ட இரண்டாவது ஊசியில் அரை மணிக்குள் செத்துப்போனது. விஷம் பழகி உடம்பு தாங்கும் என்று நினைத்ததற்கு நேர் எதிர். அதற்கு அனாஃபிலாக்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு பென்சிலின் ஊசி போடும் முன் டெஸ்ட் டோஸ் போடுகிறார்களே, குளவி கொட்டி ஆள் மயங்கி விழுகிறாரே, அதையெல்லாம் புரிந்துகொள்ள வழி திறந்தது அங்கேதான். ரிஷேவுக்கு 1913-இல் நோபல் பரிசு. மூளை இல்லாத ஜீவன் கொடுத்த பரிசு.

இப்போது அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். கூகுளில் தேடிவிட்டு வருவான்: "அத்தை, ஸ்காட்லாந்துல ஒரு அனிமோன் ஜாடிக்குள்ளயே அம்பது வருஷத்துக்கு மேல வாழ்ந்துச்சே!" உண்மைதான். 1828-இல் ஜான் டேலியல் என்பவர் கடற்கரையிலிருந்து எடுத்து ஒரு ஜாடியில் வளர்த்தார். அவர் 1851-இல் இறந்தார். அது கைமாறிக் கைமாறி 1887 வரை உயிரோடு இருந்தது. "பாட்டி" என்று அதற்குப் பேர் வைத்து, செத்தபோது பத்திரிகையில் இரங்கல் செய்தி போட்டார்கள். ஆனால் தம்பி, அது குளிர்ந்த கரையில், அலை வற்றினால் வெயிலில் காய்ந்து கிடந்தும் தாங்குகிற ஜாதி. வேளாவேளைக்குத் தண்ணீர் மாற்றி, கையால் ஊட்டி வளர்த்தார்கள். உன் தொட்டியில் இருப்பது வெப்பக் கடல் ஜாதி. அதன் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெயில் வெளிச்சத்தில் அந்தப் பாசி சமைக்கிற சாப்பாட்டில்தான் இதற்குப் பெரும்பங்கு. வெளிச்சம் குறைந்தாலோ, சூடு ஏறினாலோ பாசி போய்விடும், இது வெளுத்துப்போகும். கடலிலேயே அப்படி ஆகிறது. 2010-லும் 2016-லும் மன்னார் வளைகுடாவில் தண்ணீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. கடலுக்கே தாங்காததை உன் கூடத்து இன்வெர்ட்டர் தாங்குமா?

பாட்டிக் கதையில் நான் எடுத்துக்கொள்வது வேறு. மனிதன் ஒருவன் பிறந்து வளர்ந்து ஓய்வுபெறுகிற காலம் அது வாழும். உன் வீட்டில் ஐந்து மாதத்தில் மூன்று.

சரி, சட்டம். இங்கேதான் எனக்குக் கோபம் அவன் மேல் மட்டும் இல்லை.

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை கரையை ஒட்டி 21 தீவுகள். வான் தீவு, காசுவார் தீவு, காரைச்சல்லி, நல்லதண்ணி, முயல் தீவு, மனோலி, குருசடை என்று வரிசையாக. அதைச் சுற்றிய ஆழமில்லாத கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரை 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்கு எவ்வளவோ முன்பே, 1927-இல், சென்னை அரசு அருங்காட்சியகம் குருசடைத் தீவின் கரையோர உயிர்களுக்கென்றே தனி வெளியீடு கொண்டுவந்திருக்கிறது. அவ்வளவு செழிப்பான இடம். அந்த 21-இல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்கு மேல் இல்லை. சுண்ணாம்புக்காகப் பல வருஷம் பவளக் கல்லை வெட்டி எடுத்ததை முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். அலையைத் தடுத்துக்கொண்டிருந்த சுவரை எடுத்தால் வீடு நிற்குமா?

அதைப் பார்த்துத்தான் 2001-இல் விழித்தார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி யானை இருக்கிற அதே அட்டவணையில், பவளங்களைச் சேர்த்தார்கள். திட்டு கட்டுகிற கல் பவளம் அத்தனையும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் குழாய்ப் பவளம், கடல் விசிறி. நல்ல காரியம், கைகூப்பி வரவேற்கிறேன். ஆனால் அந்த வரிசையில் கடல் சாமந்தி இல்லை. விரல் விரலாக, காளான் காளானாக வளர்கிற சாதாரண மென்பவளமும் இல்லை. தேசியப் பூங்கா எல்லைக்குள் எதையும் தொடக்கூடாது என்பது வேறு விதி. எல்லைக்கு வெளியே, கரையோரப் பாறையில், துறைமுகத்தின் அலைதடுப்புக் கல்லில் இருப்பதற்கு யார் காவல்? கடைக்குப் போய்க் கண்ணாடித் தொட்டியில் ஏறிய பிறகு அது எந்த எல்லைக்குள் பிறந்தது என்று அதன் நெற்றியில் எழுதியிருக்கிறதா? பில்லு போட்டுக் கொடுத்தாராம். பில்லில் விலை இருக்கும். ஊர் இருக்காது.

ஏன் விட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கல் பவளம் செத்தாலும் கல்லை விட்டுவிட்டுப் போகிறது. அந்தக் கல்தான் தீவு, அந்தக் கல்தான் சுவர், ஒரு காலத்தில் அந்தக் கல்தான் சுண்ணாம்பு, காசு. அதனால் அதன் அருமை தெரிந்தது. மென்பவளம் செத்தால் மணல் மாதிரி சின்னச் சின்னச் சுண்ணாம்பு முட்கள் மிஞ்சும். கடல் சாமந்தி அதையும் வைக்காது. கூழாகிக் கரைந்துபோகும். கல் வைக்காததற்குக் கணக்கு இல்லை.

உறவுமுறை பார்த்தாலும் இது தலைகீழ். கல் பவளத்துக்கும் கடல் சாமந்திக்கும் கைகளும் உள்ளே இருக்கிற தடுப்புகளும் பெரும்பாலும் ஆறின் மடங்கில் வரும். ஒரே வீட்டுப் பங்காளிகள். மென்பவளத்துக்கு எட்டுக் கை, அதுவும் இறகு வைத்த கை. கடல் விசிறிக்கும் எட்டு. அது இன்னொரு வீடு. ஆக, சட்டம் இரண்டு வீட்டிலும் மூத்தவனுக்குப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டு இளையவனை வாசலில் நிறுத்தியிருக்கிறது.

மென்பவளம் எல்லாமே அப்பாவி என்றும் நான் சொல்லவில்லை. ஸ்னோஃப்ளேக் பவளம் என்று ஒன்று உண்டு. துறைமுகத் தூண், கப்பலின் அடிப்பாகம் என்று எங்கே பிடி கிடைத்தாலும் ஒட்டிக்கொள்ளும். ஹவாயில் பேர்ல் துறைமுகத்தில் 1972-இல் கண்ணில் பட்டது, பிறகு ஆழத்துக்குப் போய் அங்கே இருந்த கருப்புப் பவளத்தின் மேல் படர்ந்து மூச்சுத் திணற வைத்தது. நம் மன்னார் வளைகுடாவிலும் அதைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். எதைக் காப்பது, எதைக் கண்காணிப்பது என்பதற்கே முதலில் பெயர் தெரிந்து எண்ண வேண்டும். பட்டியலில் பெயரே இல்லாததை யார் எண்ணுவார்கள்?

தூத்துக்குடித் துறைமுகத்தின் இரண்டு அலைதடுப்புச் சுவர்களும் தலா நாலு கிலோமீட்டர் போல நீளம். மனிதன் கப்பலுக்காகப் போட்ட கல். துறைமுகம் என்றால் எண்ணெயும் நிலக்கரியும் மட்டும் என்று நினைக்காதீர்கள். இப்படிக் கல்லைப் போட்டு வைத்தால் போதும், கேட்காமலே உயிர்கள் குடிவந்துவிடும். சென்னையில் பாருங்கள், என்.கே. பணிக்கர் என்ற விஞ்ஞானி 1930-களில் அங்கே உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரிலேயே கடல் சாமந்திகளைத் தேடி ஆராய்ந்தார். 1937-இல் அவர் புதிதாக விவரித்த ஒன்று நீந்தக்கூடியது. பாறையில் ஒட்டிக் கிடப்பதுதான் இதன் பிழைப்பு என்று நாம் நினைத்திருக்க, நம் சென்னைத் தண்ணீரில் ஒன்று கைகளை அடித்து நீந்திக்கொண்டிருந்தது. இன்றைக்கு அந்த முகத்துவாரங்களின் கரையில் மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியவில்லை.

இனி அந்த மூன்றாவது கேள்வி. மலை மாவட்டத்துக்காரிக்குக் கடல் எதற்கு?

கச்சிராயபாளையம் பக்கம் கோமுகி அணையைப் பார்க்காதவன் எவனும் நம் குடும்பத்தில் இல்லை. அந்தக் கோமுகியும் மணிமுக்தாவும் எங்கே பிறக்கின்றன? கல்வராயன் மலையில். இரண்டும் சேர்ந்து வெள்ளாற்றில் விழுந்து எங்கே முடிகின்றன? பரங்கிப்பேட்டையில், கடலில். அந்த முகத்துவாரத்தின் கரையில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. வெள்ளிமலையில் ஒருவன் வீசுகிற பிளாஸ்டிக் கவர் மழைக்கு இறங்கினால், அதற்கு மாவட்ட எல்லை தெரியாது. 2019-இல் விழுப்புரத்திலிருந்து பிரித்துத் தனி மாவட்டம் ஆக்கினார்கள். நம் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லாமல் போனது. ஆற்றை யாரும் பிரிக்கவில்லை.

ஆனால் எனக்குக் கவலைப்பட உரிமை வந்தது ஆற்றால் இல்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1996-இல் மலைப் பள்ளியிலிருந்து ராமேஸ்வரம் சுற்றுலா போனோம். என்னோடு வந்த பிள்ளைகளில் பலர் இதைப் படிப்பீர்கள். முதன்முதலில் கடலைப் பார்த்துவிட்டு ஒருவன் "டீச்சர், இதுக்கு அக்கரை எங்க?" என்று கேட்டானே, நினைவிருக்கிறதா? மண்டபம் பக்கம் தண்ணீர் வற்றியிருந்த நேரம். கடற்பாசி எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா நம்மைக் கூப்பிட்டு, பாறை இடுக்கில் விரிந்திருந்ததைக் காட்டினார். "தொடாதீங்க, பாருங்க" என்றார். நாமும் பார்த்தோம். அதோடு வந்திருக்கலாம்.

நான் வரவில்லை. வகுப்பில் காட்ட வேண்டும் என்று ஆசை. அங்கே சுற்றிக்கொண்டிருந்த பையனிடம் ஐந்து ரூபாய் கொடுத்து ஒன்றைப் பெயர்த்துத் தரச் சொன்னேன். ஹார்லிக்ஸ் பாட்டிலில் கடல் தண்ணீரோடு போட்டு பஸ்ஸில் என் மடியில் வைத்துக்கொண்டேன். பரமக்குடி வரை விரிந்திருந்தது. மதுரையில் சுருண்டது. திருச்சி தாண்டியபோது தண்ணீர் கலங்கி நாற்றம் வந்துவிட்டது. கள்ளக்குறிச்சியில் இறங்கியதும் தெரிந்த மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் ஃபார்மலின் வாங்கி அதற்குள் போட்டேன். நிறம் எல்லாம் போய் வேகவைத்த காளான் மாதிரி ஆகிவிட்டது. "கடல் சாமந்தி" என்று லேபிள் ஒட்டி அலமாரியில் வைத்தேன். வருஷா வருஷம் எடுத்துக் காட்டினேன், துறவி நண்டின் முதுகில் இது சவாரி செய்யும், இரண்டுக்கும் லாபம் என்று சொல்லிக் கொடுத்தேன்.

ஒரு வருஷம், மேலூர்ப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, அப்பா தேனெடுப்பவர், பாட்டிலை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், இது செத்துப்போச்சு. இதைப் பாத்து உசுரு எப்படி இருக்கும்னு எப்படித் தெரியும்?" அவளை உட்காரச் சொன்னேன். அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். ஓய்வுபெற்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆகவே தம்பி, நான் உத்தமி என்று பேசவில்லை. நான் ஒன்றைக் கொன்றேன், பாடத்துக்காக என்று சொல்லிக்கொண்டேன். நீ மூன்றாவதில் இருக்கிறாய், வரவேற்பறைக்காக. 2003-இல் ஒரு கார்ட்டூன் படம் வந்தது, குட்டிக் கோமாளி மீனைக் கடலிலிருந்து பிடித்து ஒரு தொட்டியில் போட்டுவிடுவார்கள், அப்பன் மீன் கடலெல்லாம் தேடி அலையும். உன் பெண் அதைப் பார்த்து அழுதாள் என்று நீயே சொன்னாய். அழுத பிள்ளைக்கு அதே மீனையும் அது இருந்த வீட்டையும் வாங்கித் தொட்டியில் போட்டுக் காட்டுகிறாயே, அந்தப் படத்தில் நீ யார் என்று யோசித்தாயா?

மீனாவது பரவாயில்லை. மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறார்கள், அப்படி வளர்த்த மீனும் விற்பனைக்குக் கிடைக்கிறது. அந்த மீனுக்குக் கடல் சாமந்தி இல்லாமலே தொட்டியில் வாழத் தெரியும். கடல் சாமந்தி பெரும்பாலும் கடலிலிருந்து பெயர்த்து எடுத்து வருவதுதான். பெயர்க்கும்போது அடிப்பாதம் கிழிந்தால் அதோடு சரி. அதை நம்பி அங்கே குடியிருந்த மீன், இறால் எல்லாம் நடுத்தெருவில். அடம்பிடித்துத் தொட்டி வேண்டுமென்றால் வளர்த்த மீனை மட்டும் வை. மூன்றாவது சாமந்தி செத்த பிறகு நாலாவது வேண்டாம். இது அத்தை கேட்பது.

வனத்துறையில், மீன்வளத்துறையில், வக்கீல் தொழிலில் இருக்கிற என் பிள்ளைகளிடம் டீச்சர் கேட்பது வேறு. கடல் சாமந்தியையும் மென்பவளத்தையும் அட்டவணையில் பெயர் சொல்லிச் சேர்க்க மனு எழுத வேண்டும். எப்படி எழுதுவது, யாருக்கு அனுப்புவது என்று சொல்லுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். அதுவரை, கடையில் விற்கிறவர் எங்கே எடுத்தது என்று எழுத்தில் தர வேண்டும் என்றாவது ஒரு விதி வரட்டும். ஆட்டுக்கறி வாங்கினாலே எந்த ஊர் ஆடு என்று கேட்கிற ஊர் நம்முடையது.

அந்தத் தேனெடுப்பவர் மகள் இப்போது எங்கே இருக்கிறாள் என்று யாருக்காவது தெரியுமா? கல்யாணமாகி சேலம் பக்கம் போனதாக ஒருவர் சொன்னார். அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் இன்னும் பள்ளி அலமாரியில் இருக்கிறதா என்று அந்த ஊரில் இருப்பவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். இருந்தால் லேபிளை மாற்ற வேண்டும். நானே வருகிறேன்.